பத்தாண்டுச் சான்றிதழ், மூன்றாண்டு பாஸ்: சிங்கப்பூரில் ஒரு குடும்பம் கார் வாங்கிய கணக்கு

செங்காங்கில் வாடகை வீட்டில் இருக்கும் நால்வர் குடும்பம். கணவர் துவாஸில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பொறியாளர், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்னும் வேலை அனுமதியில் வந்தவர். மனைவி சார்ந்திருப்போர் பாஸில் இருக்கிறார். மகன் 2023-இல் தொடக்கநிலை ஐந்தில் படித்தான். மகளுக்கு அப்போது ஆறு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி இல்லாமல் வெளியே போக முடியாது. வாரத்துக்கு மூன்று நாள் ஜூரோங் பக்கம் உள்ள ஒரு சிகிச்சை நிலையத்தில் உடற்பயிற்சிச் சிகிச்சை.

கார் வாங்கலாமா என்ற கேள்வியை அவர்கள் என்னிடம் கொண்டுவந்தது 2023 அக்டோபரில். கணக்குப் பார்ப்பது என் தொழில் என்பதால் வந்தார்கள். அவர்களின் ஒப்புதலோடு, பெயர்களை விட்டுவிட்டு, முழுக் கணக்கையும் இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் பாஸில் இருக்கும் பலர் இதே கேள்வியோடு கார் விற்பனையகத்துக்குப் போகிறார்கள். அங்கே அவர்களுக்குச் சொல்லப்படுவது மாதத் தவணை மட்டும்தான். பாஸில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வேறு: காரைச் சாலையில் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ் எத்தனை ஆண்டு ஓடும், தன் பாஸ் எத்தனை ஆண்டு ஓடும், இரண்டும் எங்கே சேர்கின்றன, எங்கே விலகுகின்றன.

தேவை உண்மையா?

முதலில் இதைத்தான் கேட்டேன். சிங்கப்பூரில் ரயில் நிலையங்களில் மின்தூக்கி உண்டு. 2020 இறுதியிலிருந்து பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் சக்கர நாற்காலி ஏறும். செங்காங்கிலிருந்து ஜூரோங் போக எல்ஆர்டி என்னும் இலகு ரயில், வடகிழக்கு ரயில், வட்ட ரயில், கிழக்கு மேற்கு ரயில் என மாற வேண்டும். ஒருவழிக்கு ஒன்றரை மணி நேரம். சிகிச்சை முடிந்து தசை தளர்ந்து அழும் பிள்ளையோடு அதே வழியில் திரும்ப வேண்டும். அம்மா அப்படிச் சில மாதம் போய்ப் பார்த்துவிட்டு டாக்சிக்கு மாறியிருந்தார். போக 30, வர 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று மாதத்துக்கு ஏறத்தாழ 775 வெள்ளி. மருத்துவமனை, மழை நாள், வார இறுதி எல்லாம் சேர்த்தால் மாதச் செலவு 1,050 வெள்ளியைத் தொட்டது. மடித்த நாற்காலியைப் பார்த்ததும் சில ஓட்டுநர்கள் முகம் சுளிப்பார்கள் என்றும் சொன்னார். சிலர் தாங்களே இறங்கி வந்து தூக்கி வைப்பார்கள் என்றும் சொன்னார்.

“கணக்கு எனக்கும் புரியுதுண்ணா. ஆனா பிள்ளைக்கு எடை ஏறிக்கிட்டே போகுது. காருக்குள்ள தூக்கி வச்சு, வெளியே தூக்கி எடுத்து, என் முதுகு எத்தனை நாளைக்குத் தாங்கும்?”

வீட்டையே ஜூரோங் பக்கம் மாற்றிவிடலாம் என்பதுதான் நான் சொன்ன முதல் வழி. கணவருக்கு வேலையும் அந்தப் பக்கம்தான். எல்லா வழிகளிலும் மலிவானது இதுவே, வேறு எந்தக் குடும்பமாக இருந்தாலும் இதையே அழுத்திச் சொல்லியிருப்பேன். ஆனால் மகன் மறு ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டியவன். வெளிநாட்டுப் பிள்ளைக்கு உள்ளூர்ப் பள்ளியில் இடம் கிடைப்பதே பெரிய பாடு. கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வேறு வட்டாரத்தில் தேடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாடகை ஒப்பந்தமும் 2025 வரை ஓடியது. அந்த வழி அடைபட்டது. கார் தேவைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

விலைக்குள் இருப்பது என்ன

சிங்கப்பூர் கார் விலையை வெளியூர்க்காரருக்கு விளக்க, சாலைக்கும் இடத்துக்கும் இங்குள்ள பற்றாக்குறையிலிருந்து தொடங்க வேண்டும். தீவின் நிலத்தில் 12 விழுக்காட்டைச் சாலைகளே எடுத்துக்கொள்கின்றன. 1975-இல் நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் விதித்தார்கள். 1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை வந்தது. அன்றிலிருந்து எந்த வாகனத்தைப் பதிவு செய்யவும் வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். எல்லாரும் சிஓஇ என்றே சொல்கிறோம். பத்தாண்டு செல்லும். மாதம் இருமுறை ஏலம், புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு முடியும். வெற்றி பெற்ற அனைவரும் ஒரே விலை கொடுப்பார்கள்: தோற்ற ஏலங்களில் மிக உயர்ந்தது எதுவோ, அதற்கு மேல் ஒரு வெள்ளி. 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கை வளரவே கூடாது என்று வளர்ச்சி விகிதத்தைச் சுழியமாக்கிவிட்டார்கள். அதனால் புதிய சான்றிதழ் என்பது பெரும்பாலும் யாரோ ஒருவர் பழைய காரைப் பதிவுநீக்கம் செய்ததால் பிறப்பது. பத்தாண்டுக்கு முன் குறைவாகக் கார் பதிவாகியிருந்தால் இன்று ஏலத்துக்குக் குறைவாகவே வரும். 2023-இல் விலை மேலே பறந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அவர்கள் என்னிடம் வந்த மாதம்தான் உச்சம். 2023 அக்டோபர் 18 ஏலத்தில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு 106,000 வெள்ளி. பெரிய கார்களுக்கான பி பிரிவு 150,001 வெள்ளி. 2008 இறுதியில் இதே ஏ பிரிவுச் சான்றிதழ் 2 வெள்ளிக்குப் போன நாளும் உண்டு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தால்தான் இந்தச் சந்தையின் இயல்பு புரியும்.

விற்பனையகத்தில் அவர்களுக்குக் காட்டியது வழுக்குக் கதவு வைத்த, 1,500 சிசி, ஏழு இருக்கை புதிய கார். கணக்குக்காக அதன் திறந்த சந்தை மதிப்பு, அதாவது ஓஎம்வி, 22,000 வெள்ளி என்று வைத்தேன். கப்பலில் வந்து இறங்கும்போது சுங்கத்துறை மதிப்பிடும் விலை அது. அதன்மேல் 20 விழுக்காடு கலால் வரி, 4,400. இரண்டையும் கூட்டி அப்போதிருந்த 8 விழுக்காடு பொருள் சேவை வரி, 2,112. பிறகு கூடுதல் பதிவுக் கட்டணம். ஓஎம்வியில் முதல் 20,000 வெள்ளிக்கு நூறு விழுக்காடு, அடுத்த 20,000-க்கு 140 விழுக்காடு. மேலே போகப் போக 2023 பிப்ரவரி மாற்றத்துக்குப் பின் 320 விழுக்காடு வரை ஏறும். இந்தக் காருக்கு 22,800. பதிவுக் கட்டணம் 350. சிஓஇ 106,000. மொத்தம் 157,662 வெள்ளி. விற்பனையாளரின் லாபமும், புகை அளவைப் பொறுத்து வரும் தள்ளுபடியோ கூடுதல் கட்டணமோ இதில் சேரவில்லை.

ஆக, வண்டியின் விலை மொத்தத்தில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. மூன்றில் இரண்டு பங்கு, பத்தாண்டு சாலையில் இருக்கும் உரிமைக்குப் போகிறது.

கடனுக்கும் வரம்பு உண்டு. ஓஎம்வி 20,000 வெள்ளிக்கு மேற்பட்ட காருக்கு விலையில் 60 விழுக்காடுதான் கடன், ஏழாண்டுக்குள் அடைக்க வேண்டும். 20,000 அல்லது அதற்குக் கீழ் என்றால் 70 விழுக்காடு. அந்தப் புதிய காருக்குக் கையிலிருந்து 63,000 வெள்ளிக்கு மேல் வைக்க வேண்டும். கடன் தருபவர்கள் பாஸின் மீதிக் காலத்தையும் பார்க்கிறார்கள் என்பதால், பாஸில் இருப்பவருக்கு ஏழாண்டு என்பது பெரும்பாலும் ஏட்டளவில்தான்.

முப்பது நாள்

இனிச் சொல்லப்போவதுதான் இந்த ஆய்வின் நடுப்பகுதி. கணவரின் பாஸ் 2023 அக்டோபரில் மூன்றாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அடுத்த புதுப்பிப்பு 2026 அக்டோபர். அதற்குள் விதி மாறிவிடும் என்பது அப்போதே தெரிந்த செய்தி. காம்பஸ் என்னும் புள்ளி முறை 2024 செப்டம்பரிலிருந்து புதுப்பிப்புகளுக்கும் பொருந்தும். சம்பளம், தகுதி, நிறுவனத்தில் எந்த நாட்டவர் எத்தனை பேர், உள்ளூர்வாசிகளுக்கு எவ்வளவு வேலை தரப்பட்டுள்ளது என்பதெல்லாம் சேர்த்து 40 புள்ளி வேண்டும். இவற்றில் பாதி அவர் கையில் இல்லை, நிறுவனத்தின் கையில்.

வேலை போய்ப் பாஸ் ரத்தானால், வழக்கமாக 30 நாள் தங்க அனுமதி கிடைக்கும். அந்த 30 நாளுக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுக்க வேண்டும், காரை விற்க வேண்டும். இன்னொன்றைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. வெளிநாட்டவர் வேலையை விட்டுப் போகும்போது வரித்துறையின் ஒப்புதல் வரும்வரை அவருக்குச் சேர வேண்டிய பணத்தை முதலாளி நிறுத்திவைக்க வேண்டும். அதாவது கடைசிச் சம்பளம் கையில் இருக்காத அதே மாதத்தில் கார் கடனை அடைத்தால்தான் காரை விற்க முடியும். கையில் ரொக்கம் இல்லாதவர் வந்த விலைக்குத் தள்ளிவிட நேரும். வாங்க வரும் வணிகருக்கு இது நன்றாகவே தெரியும்.

அதனால் ஒவ்வொரு வழிக்கும் ஒரே கேள்வியை வைத்தேன்: திடீரென்று கிளம்ப வேண்டிவந்தால் எவ்வளவு போகும்?

புதிய காரைப் பதிவுநீக்கம் செய்தால் அரசிடமிருந்து இரண்டு தொகை திரும்ப வரும். சிஓஇயில் பயன்படுத்தாத மாதங்களுக்கான பங்கு ஒன்று. பார்ஃப் எனப்படும் கூடுதல் பதிவுக் கட்டணச் சலுகை மற்றது. முதல் ஐந்தாண்டுக்குள் 75 விழுக்காடு, பிறகு ஆண்டுக்கு ஐந்தைந்தாகக் குறைந்து பத்தாம் ஆண்டில் 50 விழுக்காடு, உச்சவரம்பு 60,000 வெள்ளி. அப்போதைய விதி அது. இரண்டும் சேர்ந்ததை இங்கே தாள் மதிப்பு என்கிறோம். சந்தை என்ன ஆனாலும் அதற்குக் கீழே கார் விழாது.

அந்தப் புதிய காரை மூன்றாண்டில் விட்டுப்போனால், சிஓஇயில் 74,200, பார்ஃப் 17,100, ஆகத் திரும்ப வருவது 91,300 வெள்ளி. இழப்பு 66,362. ஆண்டுக்கு 22,000 வெள்ளிக்கு மேல். அதே காரைப் பத்தாண்டும் வைத்திருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 14,600-தான். ஒரே கார், ஒரே சாலை. பாதியில் போகிறவர் ஆண்டுக்கு ஏழாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறார். வண்டியின் விலையும் கலால் வரியும் பொருள் சேவை வரியும் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் கால் பங்கும் பதிவான அன்றே தாள் மதிப்பிலிருந்து கழிந்துவிடுகின்றன. பத்தாண்டு இருப்பவர் அதைப் பத்தாகப் பிரித்துச் சுமக்கிறார், மூன்றாண்டு இருப்பவர் மூன்றாகப் பிரிக்கிறார். சந்தையில் விற்றால் தாள் மதிப்புக்கு மேலே ஏதேனும் கிடைக்கும், உண்மைதான். ஆனால் 30 நாளில் விற்க வேண்டியவர் அந்த நம்பிக்கையில் கடன் வாங்கக் கூடாது.

இதில் நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. உச்ச விலையில் சிஓஇ எடுத்தவரின் தாள் மதிப்பும் உயரமானதுதான், ஏனெனில் அவர் கட்டிய தொகையின் அடிப்படையிலேயே திருப்பித் தருகிறார்கள். அக்டோபரில் 106,000 ஆக இருந்த ஏ பிரிவு 2024 ஜனவரி 3 ஏலத்தில் 65,010-க்கு இறங்கியது. மூன்றே மாதத்தில் நாற்பதாயிரம் வெள்ளி வித்தியாசம். அக்டோபரில் வாங்கியவர் எல்லாவற்றையும் இழந்துவிட்டார் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். இழந்தது மறுவிற்பனை மதிப்பில்தான், அரசு திருப்பித் தரும் தொகையில் இல்லை.

பழைய கார்

2024 பிப்ரவரியில் அவர்கள் கடைசியாக எடுத்தது 2017 நவம்பரில் பதிவான டொயோட்டா சியன்டா. இரண்டு பக்கமும் வழுக்குக் கதவு. தளம் தாழ்வு. மூன்றாம் வரிசை இருக்கையை மடித்து நடு வரிசைக்கு அடியில் தள்ளினால் பின்பக்கம் சக்கர நாற்காலியை மடிக்காமலேயே வைக்கலாம். இதற்கு நிகராக ஹோண்டா ஃப்ரீடையும் பார்த்தார்கள். நாற்காலியையும் பிள்ளையையும் நேரில் கொண்டுபோய் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே முடிவு செய்தார் அந்த அம்மா. விற்பனையாளர் அவசரப்படுத்தியும் அவர் அசையவில்லை. அளவு நாடாவைவிட அந்தச் சோதனை நம்பகமானது.

விலை 55,000 வெள்ளி. சிஓஇ முடிய மூன்று ஆண்டு ஒன்பது மாதம் மீதி. ஓஎம்வி 19,000, கூடுதல் பதிவுக் கட்டணமும் அதே 19,000. பத்தாண்டு முடிவில் பாதி, 9,500 வெள்ளி, கைக்கு வரும். 55,000-இல் 9,500-ஐக் கழித்து மீதிக் காலத்தால் வகுத்தால் ஆண்டுத் தேய்மானம் 12,133 வெள்ளி. பழைய கார்களை ஒப்பிட இந்த ஒரு எண் போதும். விளம்பரங்களில் இதைத்தான் போடுவார்கள். ஆனால் விளம்பரத்தில் உள்ளதை நம்பாமல் நாமே வகுத்துப் பார்க்க வேண்டும், சில இடங்களில் மாதங்களை மேல்நோக்கி முழுமையாக்கிவிடுகிறார்கள்.

விளம்பரத்தில் இல்லாத கணக்கு ஒன்று உண்டு. அந்தக் காருக்கு 2017-இல் சிஓஇ ஏறத்தாழ 42,000 வெள்ளி. வாங்கிய நாளில் அதன் தாள் மதிப்பு: மீதிச் சிஓஇ 15,750, பார்ஃப் 65 விழுக்காட்டில் 12,350, மொத்தம் 28,100. கொடுத்ததோ 55,000. இடையில் உள்ள 26,900 வெள்ளி எதற்கு? ஒரு பங்கு வண்டிக்கு. பெரும்பங்கு, இன்று புதிதாகச் சிஓஇ எடுக்க ஆகும் விலையின் நிழலுக்கு. மலிவான காலத்தில் எடுத்த சான்றிதழ் விலையேறிய காலத்தின் விலைக்குக் கைமாறுகிறது. சிஓஇ நாளை சரிந்தால் இந்தப் பங்குதான் முதலில் கரையும். பழைய கார் என்றாலே அபாயம் குறைவு என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இருந்தும் நான் இதையே சரி என்றேன். முழு இழப்பே 55,000-க்கு மேல் போகாது. முன்பணம் 16,500 போதும். முக்கியமாக, காரின் காலம் 2027 நவம்பர், பாஸின் காலம் 2026 அக்டோபர். இடைவெளி ஓராண்டுதான். பாஸ் புதுப்பிக்கப்படாமல் போனாலும் அந்த நேரத்தில் காரில் மிச்சமிருக்கும் மதிப்பு கொஞ்சம்தான், அவசரத்தில் விற்றாலும் குடும்பம் கடனில் மூழ்காது.

கடன் 38,500 வெள்ளி, மூன்றாண்டு, 2.78 விழுக்காடு என்றார்கள். இங்கே கார் கடன் வட்டி தட்டை வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது, தொடக்க அசலுக்கே மூன்றாண்டும் போடுவார்கள். வட்டி மொத்தம் 3,211, தவணை மாதம் 1,159. உண்மையான வட்டி ஐந்து விழுக்காட்டைத் தாண்டுகிறது. இடையில் அடைத்தாலும் மீதி வட்டி முழுவதும் தள்ளுபடி ஆகாது, 78 விதி என்ற கணக்கில் முன்மாதங்களுக்கே அதிக வட்டியை ஏற்றிவைத்திருப்பார்கள். பாஸில் இருப்பவர் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது தவணையை அல்ல, பன்னிரண்டாம் மாதத்தில் அடைத்தால் எவ்வளவு என்பதை. அதை எழுத்தில் வாங்க வேண்டும். இவர்கள் வாங்கினார்கள்.

வாடகைக் காருடன் ஒப்பீடு

மாத வாடகைக்கு அதே அளவுக் கார் 1,950 வெள்ளி என்று விலை கிடைத்திருந்தது. காப்பீடு, சாலை வரி, பராமரிப்பு எல்லாம் அதில் அடக்கம். பெட்ரோல், நிறுத்தக் கட்டணம், இஆர்பி என்னும் மின்னியல் சாலைக் கட்டணம் சேர்த்தால் மாதம் ஏறத்தாழ 2,400.

சொந்தக் காரில் ஆண்டுச் செலவு இப்படி: தேய்மானம் 12,133, வட்டி 1,070, காப்பீடு 1,800, சாலை வரி 680. பெட்ரோல் 2,240, லிட்டர் 2.80 வெள்ளியை ஒட்டி இருந்தது. நிறுத்தக் கட்டணம் 2,400, அதில் பாதிக்கு மேல் வீவக என்னும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி நிறுத்துமிடத்துக்கான மாதச் சீட்டு. இஆர்பி 720, பராமரிப்பு 1,500. மொத்தம் 22,543, மாதத்துக்கு 1,880 வெள்ளி.

வாடகையைவிட மாதம் 520 வெள்ளி மலிவு. ஆனால் வாடகைக் காரைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். சொந்தக் காரை அவசரத்தில் விற்றால் வழக்கமான தேய்மானத்துக்கு மேல் ஏழரை முதல் எட்டாயிரம் வெள்ளி போகும் என்று வைத்தேன், கடனை முன்கூட்டி அடைக்கும் செலவு உட்பட. அதை 520-ஆல் வகுத்தால் பதினைந்து மாதம். ஆக, பதினைந்து மாதத்துக்கு மேல் இருப்போம் என்று நியாயமாக நம்பினால் வாங்கலாம், இல்லையென்றால் வாடகைக்கு எடுக்க வேண்டும். பாஸில் 32 மாதம் மிச்சமிருந்த இவர்களுக்கு விடை தெளிவு. பாஸில் ஓராண்டு மட்டும் மிச்சமிருக்கும் ஒருவருக்கு இதே கார், இதே விலை தவறான முடிவாகிவிடும்.

முன்பு டாக்சிக்குப் போன 1,050 வெள்ளியோடு ஒப்பிட்டால் கார் மாதம் 830 வெள்ளி கூடுதல். கார் பணத்தை மிச்சம் பிடிக்கும் என்று யாரும் இந்தக் குடும்பத்திடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த 830 வெள்ளி ஒரு தாயின் முதுகுக்கும், சிகிச்சைக்குப் பின் உடனே தூங்க முடிகிற ஒரு பிள்ளைக்கும் கொடுக்கும் விலை. இருவருக்கும் அது தகும் என்பதே என் கருத்து.

உரிமமும் கைமாற்றமும்

ஓட்டப்போவது மனைவி. கணவர் நிறுவனப் பேருந்தில் போய்வருகிறார். இந்திய உரிமத்தை வைத்து 12 மாதம் வரைதான் இங்கே ஓட்டலாம், பிறகு சிங்கப்பூர் உரிமம் கட்டாயம். அவர் வந்து அந்தக் காலம் எப்போதோ கடந்திருந்தது. அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு எழுதி மாற்றினார். 50 கேள்வி, 45 சரியாக இருக்க வேண்டும். ஓட்டத் தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் புத்தகத்தைத் திறக்காமல் போகிறவர்கள் இதில் தோற்கிறார்கள். மஞ்சள் கோடு ஒன்றா இரண்டா, வளைந்ததா நேரானதா என்பதற்கெல்லாம் இங்கே தனித்தனிப் பொருள் உண்டு. நிறுத்தத்திலிருந்து கிளம்பும் பேருந்துக்கு எங்கே வழிவிட்டே ஆக வேண்டும் என்பதும் அப்படித்தான். உரிமம் வந்த பிறகே முன்பணம் கட்டச் சொன்னேன். உரிமம் இல்லாத வீட்டில் கார் நின்றால் மாதம் ஆயிரம் வெள்ளி தேய்மானம் நிறுத்துமிடத்திலேயே போகும்.

காப்பீட்டில், ஊரில் வைத்திருந்த காருக்குக் கோரல் எதுவும் செய்யாததற்கு அங்குள்ள நிறுவனத்திடம் கடிதம் வாங்கிக் காட்டினார்கள். எல்லா நிறுவனமும் அதை ஏற்பதில்லை. விசாரித்து ஏற்கும் நிறுவனமாகப் பார்த்து எடுத்தார்கள். 1,800 என்பது அந்தத் தள்ளுபடிக்குப் பின்.

உரிமை மாற்றம் எளிது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் இருவரும் சிங்பாஸ் என்னும் அரசு மின்னடையாளம் வழியே உறுதி செய்தால் முடிந்தது. அதற்கு முன் விற்பவரை அதே தளத்தில் காரின் விவரத்தை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும்: சிஓஇ முடியும் நாள், கட்டிய சிஓஇ, கூடுதல் பதிவுக் கட்டணம், எத்தனை பேர் கைமாறியது. தனியார் வாடகைக் காராக, அதாவது டாக்சி போல, ஓடியதா என்பதையும் தனியே கேட்க வேண்டும், அப்படி ஓடிய கார்களின் இருக்கையும் கியர்பெட்டியும் இரட்டிப்பு வயது. சுதந்திரமான ஆய்வு மையத்தில் ஒரு மதிப்பீட்டுச் சோதனைக்கு நூறு இருநூறு வெள்ளி செலவு செய்வதைத் தயங்கக் கூடாது.

ஓராண்டுக்குப் பின்

இரண்டாம் மாதத்தில் இடப்பக்க வழுக்குக் கதவின் மோட்டார் நின்றது. அந்தக் கதவுக்காகத்தான் காரே. விற்றவர் தேய்மானம் என்று கைவிரித்தார். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து பழுதான பொருள்களுக்கான சட்டம் நடப்பில் உள்ளது, எல்லாரும் லெமன் சட்டம் என்பார்கள். வணிகரிடம் வாங்கிய பழைய காருக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுது, கொடுக்கும்போதே இருந்தது என்றே கொள்ளப்படும், இல்லை என்று காட்ட வேண்டியவர் விற்றவர். காரின் வயதையும் விலையையும் வைத்து எதிர்பார்க்கத்தக்க சாதாரணத் தேய்மானம் இதில் சேராது, அதனால் வாதம் அவ்வளவு சுலபமாக இல்லை. ஆனால் ஆய்வு மைய அறிக்கையில் இரண்டு கதவும் சரியாக இயங்கின என்று எழுதியிருந்தது. விற்பனை ரசீதில் மின்கதவு என்று தனியே குறிப்பிட்டிருந்தது. கணவர் இரண்டையும் இணைத்து மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். மோட்டாரை மாற்றிக் கொடுத்தார்கள். தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் இரண்டாயிரம் வெள்ளி மலிவு என்று அப்போது ஒருவர் ஆசை காட்டியிருந்தார். தனிநபர் விற்பனைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

ஓராண்டில் உண்மையாக ஆன மாதச் செலவு கணக்கிட்டதைவிடச் சற்றுக் கூடுதல். பெட்ரோலும் நிறுத்தக் கட்டணமும் ஏறின, காரணம் வார இறுதிகளில் பிள்ளையைக் கடற்கரைக்கும் உறவினர் வீட்டுக்கும் கூட்டிப்போகிறார்கள். முன்பு அந்தப் பயணங்களே இருக்கவில்லை. ஒரு முறை ஜொகூர் போனபோது எரிபொருள் கலத்தில் முக்கால் அளவு இல்லாமல் சோதனைச்சாவடியைக் கடக்க முடியாது என்பதை வழியிலேயே நினைவுபடுத்திக்கொண்டு உட்லண்ட்ஸில் நிரப்பினார்கள். சிகிச்சைக்குப் போகாமல் தவறவிடும் நாள் ஏறக்குறைய இல்லாமல் போனது. சிகிச்சையாளர் இதைத்தான் முதலில் கவனித்துச் சொன்னாராம்.

2027 நவம்பரில் இரண்டு வழி இருக்கும். பதிவுநீக்கம் செய்து 9,500 வெள்ளியை வாங்கிக்கொள்ளலாம். அல்லது கடந்த மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்டிச் சான்றிதழைப் பத்தாண்டுக்கு நீட்டிக்கலாம். ஐந்தாண்டுக்கு என்றால் அதில் பாதி, ஆனால் மறுபடி நீட்டிக்க முடியாது. நீட்டித்தால் பார்ஃப் தொகையும் போய்விடும். சராசரி ஒரு லட்சம் வெள்ளி என்று வைத்தால் ஐந்தாண்டுக்கு 50,000, இழக்கும் 9,500-ஐச் சேர்த்தால் ஆண்டுக்கு 11,900. இன்றைய தேய்மானத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது, அதனால் கணவருக்கு நீட்டிக்கலாம் என்று ஆசை. நான் வேண்டாம் என்றிருக்கிறேன். பத்தாண்டைக் கடந்த காருக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை, சாலை வரியிலும் கூடுதல். அப்போது மகளுக்குப் பத்து வயது, மின்விசை நாற்காலிக்கு மாற வேண்டியிருக்கும் என்று மருத்துவர் இப்போதே சொல்லியிருக்கிறார். அதற்குச் சரிவுப்பலகை வைத்த வண்டி வேண்டும், சியன்டாவில் ஏறாது. மகன் தேர்வும் முடிந்துவிட்டது. வீட்டை ஜூரோங்குக்கு மாற்றும் பேச்சை அந்த அம்மாவே மறுபடி எடுத்திருக்கிறார்.